கடலோர வீட்டில் பிள்ளைகள் ஊஞ்சலுக்கு எந்த மரம்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் தனுஷ்கோடி வரை, வெளியில் ஊஞ்சல் போட நினைப்பவர்கள் மரவாடியில் முதலில் கேட்பது "தேக்கா, வேம்பா?" என்றுதான். அதைவிட முக்கியம், வாங்கும் சட்டத்தில் வைரம் (முற்றிக் கருத்த உள்மரம்) எவ்வளவு என்பது. இளந்தேக்கின் வெளுத்த பகுதியையும் கரையான் விடாது. வெட்டுமுகத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். வைரம் கருத்தும் வெள்ளை வெளிறியும் பிரிந்து தெரியும். ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளை இருந்தால் செதுக்கிவிடலாம். நாலு மூலையிலும் இருந்தால் எடுக்க வேண்டாம்.

கையில் காசிருந்தால் கால்களுக்கும் உத்திரத்துக்கும் முற்றிய தேக்கு. உட்காரும் பலகைக்கும் ஏணிப்படிக்கும் பூவரசு போதும். கடலோரத்திலேயே வளரும், எளிதில் பிளக்காது, இழைத்தால் வழவழப்பாக வரும். வேம்பைப் பூச்சி எளிதில் அண்டாது, ஆனால் சித்திரை வெயிலில் முறுக்கிக்கொள்ளும். நீளமான உத்திரத்துக்கு வேண்டாம். சவுக்கு பந்தலுக்குத்தான் சரி. சீமைக் கருவேலத்தைத் திட்டாதவர் இந்த மாவட்டத்தில் இல்லை. ஆனாலும் அதன் வைரம் நின்று உழைக்கும். நேரான நீளத் துண்டு கிடைப்பதுதான் அரிது. பனை உறுதியானது, ஆனால் நார் சிலாம்பாகக் கிளம்பிக் கையைக் கிழிக்கும். அதை வெட்ட ஆட்சியர் அனுமதியும் வேண்டும்.

மலிவாக வருகிறதே என்று பழைய படகுப் பலகையை வாங்காதீர்கள். ஊறிய தாரும் பழைய பெயிண்டும், உள்ளே முறிந்து கிடக்கும் ஆணியும் பிள்ளைகள் கைபடும் இடத்துக்கு ஆகாது. பழைய ரயில்வே கட்டையும் அப்படியே.

8 அடி நீளமுள்ள 4×4 அங்குலக் கால் நான்கு, 8 அடி உத்திரம் ஒன்று (4×6, 6 அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும்), 4 அடி குறுக்குச் சட்டம் இரண்டு (இதுவும் 4×4): மொத்தம் 5.8 கன அடி. சேதாரத்துக்கும் சேர்த்து 6.5 கன அடி சொல்லுங்கள். பங்குனி, சித்திரையில் வாங்குவது நல்லது. வாடைக்காற்று மழையில் நனைந்து கிடந்த மரத்தைக் கார்த்திகையில் வாங்கிப் பூட்டினால், கோடையில் சுருங்கி போல்ட்டெல்லாம் தளர்ந்துவிடும். ஈரம் பார்க்கும் மீட்டர் இருந்தால் 15 சதவீதத்துக்கு மேல் காட்டும் துண்டை ஒதுக்குங்கள்.

நல்ல மரத்தையும் இங்கே கெடுப்பது இரும்புதான். உப்புக்காற்றில் துருப்பிடித்த போல்ட் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கருக்க வைத்து நைத்துவிடும். பிறகு எவ்வளவு முடுக்கினாலும் பிடிக்காது. எஸ்.எஸ். 316 (துருவைத் தாங்கும் எஃகு வகை) போல்ட் வாங்குங்கள். 304 விலை குறைவு, ஆனால் கடற்கரையில் சீக்கிரம் புள்ளி விழும். ஊஞ்சல் கொக்கியைக் கீழிருந்து திருகாதீர்கள். உத்திரத்தை முழுக்கத் துளைத்து, மேலே அகல வாஷரும் நட்டும் போட வேண்டும்.

கால்களை மணலில் புதைக்கவே கூடாது. 2 அடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு, அதில் கால்வனைஸ் செய்த தாங்கியைப் பதித்து, தரையிலிருந்து 3 அங்குலம் மேலே மரம் நிற்கட்டும். கால்களின் அடி வெட்டுமுகம்தான் தண்ணீரை உறிஞ்சும் வாய். தாங்கியில் இறக்கும் முன் அதற்கு மட்டும் மூன்று நான்கு முறை ஆளிவிதை எண்ணெய் விடுங்கள்.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய், வருடம் இரண்டு முறை. பெயிண்ட் வெயிலில் வெடித்து, விரிசலில் இறங்கும் மழைநீரை உள்ளேயே பூட்டி வைக்கும். பெயிண்ட்தான் வேண்டுமென்றால் ஈயம் 90 பிபிஎம்முக்குள் என்று டப்பாவில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். கரையானுக்குப் பயந்து பழைய இன்ஜின் ஆயில் தடவும் பழக்கம் பிள்ளைகள் தொடும் மரத்தில் வேண்டவே வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறிந்தால் தானாகவே தீப்பிடிக்கலாம், விரித்துக் காயவிடுங்கள்.

மழை முடிந்த தை மாதத்தில் ஸ்குரூ டிரைவர் முனையால் கால்களின் அடியைக் குத்திப் பாருங்கள். கால் அங்குலம் உள்ளே இறங்கினால் அந்தக் காலை மாற்றும்வரை ஊஞ்சலைக் கழற்றி வையுங்கள்.