நிழல் விழும் வேலிக்கு எந்தக் கொடி?

எடுத்த எடுப்பிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: நிழல் விழும் வேலியை வருஷம் முழுக்க இலையால் மறைக்கக் கொடி வாங்கப் போனால் பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள். நான் ஒருமுறை பூத்துக் குலுங்கிய காகிதப்பூச் செடியைத் தூக்கிவந்து வெயிலே படாத வேலியோரம் நட்டேன். மூன்று வருஷம் வெறும் முள்ளும் இலையுமாக நின்றது, ஒரு பூ கிடையாது. அதற்கு வெயில் வேண்டும் என்று எனக்குத் தெரியும்தான், ஆனால் கண் கேட்கவில்லை.

சரி, முதல் வேலை நிழல் எப்படிப்பட்டது என்று பார்ப்பது. காலை, நடுப்பகல், சாயங்காலம் என்று ஒரே நாளில் மூன்று தடவை போய் நின்று பாருங்கள். மூன்று நான்கு மணி நேரமாவது நேர் வெயில் விழுந்தால் அது அரைநிழல், அங்கே நிறைய கொடிகள் வரும். வெயில் விழவில்லை, ஆனால் தலைக்கு மேல் வானம் திறந்திருக்கிறது என்றாலும் இலைக்கொடிகள் நன்றாகவே வளரும். அடர்ந்த மரத்தடியில் நிற்கும் வேலிதான் சிக்கல், ஏனென்றால் அங்கே வெளிச்சமும் குறைவு, மண்ணில் இருக்கிற ஈரத்தையும் மரத்தின் வேர் இழுத்துவிடும். நிழல்தானே, ஈரமாகத்தான் இருக்கும் என்று தண்ணீர் ஊற்றாமல் விட்டே நிறைய பேர் கொடியைக் காயவிடுகிறார்கள்.

அடுத்த கேள்வி, உங்கள் ஊரில் உறைபனி உண்டா இல்லையா. உண்டு என்றால் முழு நிழலுக்கு ஐவியை, அதாவது குளிரிலும் இலை கொட்டாமல் சுவரில் ஒட்டிப் படரும் கொடியை, மிஞ்ச ஆள் இல்லை. யுவோனிமஸ் ஃபார்ச்சூனி என்ற இன்னொரு இலை கொட்டாத கொடியும் நிழல் தாங்கும், ஆனால் மெதுவாகத்தான் ஏறும். அரைநிழல் என்றால் வெள்ளைப் பூப் பூக்கும் ஸ்டார் ஜாஸ்மின் கொடி வைக்கலாம். பெயரில்தான் ஜாஸ்மின், உண்மையில் அது அரளிக் குடும்பம், கிள்ளினால் பால் வடியும். வாசனை அருமை, ஆனால் நிழல் கூடக் கூடப் பூ குறையும். உறைபனி இல்லாத ஊர் என்றால் மணி பிளான்ட், அம்பு வடிவ இலை விடும் சிங்கோனியம், மிளகுக்கொடி, வெற்றிலைக்கொடி எல்லாமே மரநிழலில் வாழப் பழகியவை. தொட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு இலை விடும் மணி பிளான்ட்டைத் தரையில் நட்டு மேலே ஏறவிட்டால் இலை முறம் அளவுக்குப் பெருத்துவிடும், வேலி அதைத் தாங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஏமாந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. நிழலுக்கு நல்ல கொடி என்று கேட்டால் ஏறும் ஹைட்ரேஞ்சியாவையும் வர்ஜீனியா க்ரீப்பரையும் சொல்வார்கள். நிழலில் வளரும், உண்மைதான், ஆனால் இரண்டும் குளிர்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். வருஷம் முழுக்க மறைப்பு வேண்டும் என்பவருக்கு அது உதவாது. அதேபோல ஐவி வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல பகுதிகளில் காட்டுக்குள் புகுந்து களையாகப் பரவியிருக்கிறது, அங்கே இருப்பவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. குழந்தைகளோ நாய், பூனையோ இலையைக் கடிக்கும் வீடாக இருந்தால் ஐவி, மணி பிளான்ட், சிங்கோனியம் மூன்றுமே வேண்டாம், நச்சுத்தன்மை உண்டு.

கொடி எப்படி ஏறுகிறது என்பதைப் பலரும் பார்ப்பதில்லை. ஐவி, படரும் அத்தி போன்றவை வேராலேயே ஒட்டிக்கொள்ளும். விரிசல் இல்லாத கல் சுவர் என்றால் பெரிய கவலை இல்லை. மரப்பலகை வேலியில் இடுக்குக்குள் நுழைந்து, ஈரத்தைப் பிடித்துவைத்து, பலகையை இற்றுப்போகச் செய்துவிடும், பெயின்ட் அடிக்கவும் வழி இருக்காது. மரவேலிக்கு ஸ்டார் ஜாஸ்மின் மாதிரி சுற்றி ஏறும் கொடிதான் சரி. வேலியிலிருந்து 5 செ.மீ. தள்ளி, 30 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்குக் கம்பி கட்டிவிடுங்கள், காற்றும் போகும், கொடியும் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே ஆடுகிற வேலி என்றால் முதலில் கம்பத்தைச் சரிசெய்யுங்கள். மழையில் நனைந்த கொடியின் கனம் காற்றோடு சேர்ந்தால் வேலியையே சாய்த்துவிடும்.

நடும்போது வேலியை ஒட்டி நடாதீர்கள், அந்த இடத்தில் மழைத்தண்ணீர் குறைவாகத்தான் விழும். 30 முதல் 45 செ.மீ. தள்ளிக் குழி எடுத்து, மக்கிய உரம் கலந்து, கொடியை வேலிப் பக்கம் சாய்த்து ஒரு குச்சியில் கட்டுங்கள். முதல் வருஷம் மண்ணை விரலால் தொட்டுப்பார்த்து, காய்ந்திருந்தால் நன்றாக நனையும்படி ஊற்றுங்கள்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. நிழலில் நிற்கும் கொடி வெளிச்சத்தைத் தேடி நேராக உச்சிக்கு ஓடிவிடும். மேலே புதராக அடர்ந்து, கீழே மொட்டையாகக் கிடக்கும், எதை மறைக்க நட்டோமோ அது அப்படியே தெரியும். அதனால் தளிர் முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு, வரும் கிளைகளை விசிறி மாதிரி பக்கவாட்டில் இழுத்துத் தளர்வாகக் கட்டுங்கள். கிளை படுக்கையாக இருந்தால் கணுவுக்குக் கணு புதுத் தளிர் விடும், அடிப்பக்கம் நிறையும். வெள்ளைக் கோடு போட்ட இலைக்கொடி வாங்கியிருந்தால் முழுப் பச்சையாக வரும் கிளையை அடியோடு வெட்டுங்கள், விட்டால் அதுதான் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும்.