அப்பா வயதில் கேம் ஆடும் பையன்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

மே மாதம் வேலூரில் பதினோரு மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விட முடியாது. வீட்டில் ஃபேனுக்குக் கீழே செல்போன்தான் கதி. சத்துவாச்சாரியில் அக்கா வீட்டில் அப்படி ஒரு மத்தியானம், ஒன்பதாவது படிக்கும் அக்கா பையனின் கேம் கணக்கைத் திறந்து பார்த்தேன். பிறந்த வருடம் 1979 என்று இருந்தது. "என் வயசு போட்டா அம்மா பர்மிஷன் கேக்குது மாமா. அதான் அப்பாவோடத போட்டேன்" என்றான்.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். பெரியவர் கணக்கு என்று நம்பிவிட்டால், சிறுவர்களுக்கென்று வைத்திருக்கும் தடுப்புகளைக் கேம் போடாது. முன்பின் தெரியாத ஆட்களோடு பேசும் வசதி திறந்தே கிடக்கும். ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் கேம்ஸ், 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டியதாக அமெரிக்காவில் வழக்கு வந்து, 2022 டிசம்பரில் 27.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. சிறுவர்களுக்கும் குரல் அரட்டை தானாகவே ஆன் ஆகியிருந்தது என்பதும் அதில் ஒரு குற்றச்சாட்டு. நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை எல்லோரையும் பிள்ளைகளாகவே கணக்கில் எடுக்கிறது. பெற்றோர் சம்மதம் வேண்டும், அவர்களைக் கண்காணித்து விளம்பரம் காட்டக் கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அந்தச் சட்டம். 1979இல் பிறந்தவருக்கு இதில் எதுவும் பொருந்தாது.

"கேம்தானே, இதுல மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்பது அடுத்த தவறு. எந்த இடத்தில் செத்தீர்கள், எத்தனை முறை முயன்றீர்கள், எத்தனை மணிக்குப் போனை வைத்தீர்கள், கடையைத் திறந்து எதைப் பார்த்துவிட்டு வாங்காமல் மூடினீர்கள், எல்லாமே பதிவாகக்கூடியவை. இதில் நியாயமான பயனும் உண்டு. ஹாலோ 3 என்ற கேம் உருவானபோது ஆடிப் பார்த்தவர்கள் எங்கெங்கே சாகிறார்கள் என்று வரைபடத்தில் நிறத்தால் குறித்து, அதைப் பார்த்து ஆட்டக்களத்தைத் திருத்தினார்கள். அதோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் எங்கே திணறுகிறோம் என்று காட்டும் அதே பதிவு, எப்போது காசு கொடுப்போம் என்றும் காட்டும். லாங் பஜாரில் பேரம் பேசும்போது கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்து விலையை இறக்குவார், நாமும் அவர் முகத்தைப் பார்த்து நகர்வது போல நடிப்போம். கேமில் நம் முகம் மட்டும்தான் தெரிகிறது. மூன்று முறை தோற்றதும் 49 ரூபாய்ச் சலுகை எட்டிப் பார்த்தால் அது தற்செயல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாக் கேமும் இப்படிச் செய்கிறது என்று சொல்ல வரவில்லை. செய்ய நினைத்தால் வேண்டியதெல்லாம் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கேமில் செய்ததை இன்னொரு ஆப்போடு இணைக்க உதவுவது போனில் இருக்கும் விளம்பர ஐடி. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் விளம்பரங்கள் என்ற இடத்தில் அதை அழித்துவிடலாம். ஐபோனில் 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல் ஆப்பே கேட்டுவிட்டுத்தான் பின்தொடர வேண்டும். வேண்டாம் என்று அழுத்துங்கள். கேமுக்குள் நடக்கும் பதிவு இதனால் நின்றுவிடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

பேங்க் மெயில் வரும் முக்கியக் கணக்கிலேயே கேமுக்குள் நுழைகிறோமே, அதுவும் வேண்டாம். 2016 ஜூலையில் போகிமான் கோ ஐபோன்காரர்களின் கூகுள் கணக்குக்கு முழு அனுமதி கேட்டது. தவறுதலாக நடந்தது என்று சொல்லிச் சரிசெய்தார்கள். கேமுக்கென்று தனி மெயில் ஐடி வைத்துக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். மைக் அனுமதி ஆப் பயன்படுத்தும்போது மட்டும். கான்டாக்ட்ஸ் கேட்டால், எதற்கு? கேமுக்குள் காசு போலச் செலவழிக்கும் டைமண்டை இலவசமாகத் தருவதாகப் பாஸ்வேர்டு கேட்கும் தளங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

அப்புறம், அன்இன்ஸ்டால் செய்தால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை. போனில் இருந்துதான் போகும், சர்வரில் அப்படியே இருக்கும். 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் யாரோ புகுந்தபோது சுமார் 7.7 கோடிக் கணக்குகளின் விவரம் ஆபத்தில் சிக்கியது. எப்போதோ ஆடி விட்டுப்போனவர் கணக்கும் இப்படிப்பட்ட குவியலில்தான் கிடக்கும். கணக்குத் தொடங்க விடும் ஆப், அதை அழிக்கவும் வழி தர வேண்டும் என்பது ஆப்பிள், கூகுள் இரண்டின் விதி. முதலில் கணக்கை அழியுங்கள், பிறகு ஆப்பை.

சரி, நம்ம பையன் கதைக்கு வருவோம். பிறந்த தேதியை மாற்ற அந்தக் கேம் விடவில்லை. புதுக் கணக்கு தொடங்க வேண்டியதாயிற்று, கேமில் ஆள் போட்டுக்கொள்ளச் சேர்த்துவைத்த ஸ்கின் என்ற வேஷங்கள் எல்லாம் போச்சு. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சம்மதம் கேட்டு வந்த மெயிலை அக்காவிடம் நீட்டினான். அக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைக்காமல், ஒரு வரிகூடப் படிக்காமல் ஓகே அழுத்திவிட்டாள்.