ராயல் ஃப்ளஷ் எப்போது விழும்? ஒரு வகுத்தல் கணக்கு

புளியரை தாண்டி ஆரியங்காவுக்குப் போகும் பஸ்ஸில் மச்சான் போனில் வீடியோ போக்கர் ஆடிக்கொண்டு வந்தார்; ஐந்து சீட்டு தந்து, வேண்டாததை ஒரு தடவை மாற்றவிடும் ஆட்டம். காசு கட்டாத வகைதான். "ஆயிரம் ஆட்டம் ஆயாச்சு மாப்ளே, இனி ராயல் ஃப்ளஷ் விழுந்தே ஆகணும்" என்றார்.

அப்படி ஒரு கட்டாயம் ராயல் ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக், பத்து சேர்ந்த கை) இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதுக் கட்டுதான். 52 சீட்டில் ஐந்து எடுக்க 25,98,960 வழி உண்டு. அதில் ராயல் ஃப்ளஷ் நாலே நாலு. முதல் கையிலேயே வருவது 6,49,740-ல் ஒன்று. சீட்டு மாற்ற ஒரு தடவை விடுவதால், ஜாக்ஸ் ஆர் பெட்டர் வகையில் (ஜாக் ஜோடி முதல் மேலே உள்ள கைக்குத்தான் பரிசு) பிசகாமல் ஆடினால் சுமார் 40,000-ல் ஒன்று. ஒரே எண் நாலு சேர்வதோ 420 சொச்சத்துக்கு ஒரு முறை வந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான்: அந்த 40,000-ஐ உங்கள் வேகத்தால் வகுங்கள். மணிக்கு 500 ஆட்டம் என்றால் 80 மணி நேரம். அதுவும் சராசரிதான். 40,000 ஆடியும் ஒன்றுகூட விழாமல் போக ஏறக்குறைய 37 சதவீதம் வாய்ப்பு உண்டு. (லாட்டரிச் சீட்டு வாங்கத்தான் மச்சான் எல்லை தாண்டினார் என்பது வேறு கதை.)

ஆரியங்காவு நெருங்கும்போது ஆர்ட்டினில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக், கூடவே ஸ்பேட் ஜாக். ஜோடியை உடைக்க மனசு வரவில்லை அவருக்கு. உடைக்கத்தான் வேண்டும், மீதி 47 சீட்டில் ஆர்ட்டின் பத்து ஒன்று இருக்கிறதே. உடைத்தார். வந்தது ஆர்ட்டின் ஏழு. சரி, ஐந்தும் ஒரே இனம், வெறும் ஃப்ளஷ்.