நாடக அரங்க இன்டர்காமில் துணைப் பேனல்களைப் பொருத்துவது எப்படி

நாடக அரங்கில் மேடை மேலாளர், லைட் ஆபரேட்டர், சவுண்ட் ஆபரேட்டர், திரை இழுப்பவர் எல்லோரும் ஒரே கம்பியில் பேசிக்கொள்ளும் முறைக்குப் பார்ட்டி லைன் என்று பெயர். மெயின் ஸ்டேஷனும் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் மையக் கருவி) சில பெல்ட்பேக்குகளும் (ஹெட்செட்டைச் செருகி இடுப்பில் மாட்டும் சிறு பெட்டிகள்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அப்படி ஓர் அமைப்பில், கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு ரேக் பேனல், ஒப்பனை அறைச் சுவருக்கு ஒரு ஸ்பீக்கர் பேனல், மேடை ஓரத்துக்கு ஓர் அழைப்பு விளக்கு (யாராவது அழைப்பு பட்டனை அழுத்தினால் எரிவது) ஆகியவற்றைச் சேர்க்கும் வழி இது.

முதலில் உங்கள் அமைப்பு கிளியர்-காம், ஆர்டிஎஸ் என்ற தயாரிப்பு நிறுவனங்களில் எதன் வகை என்று பாருங்கள். கிளியர்-காம் வகையில் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கனெக்டரின் 1ஆம் பின் பொதுக் கம்பி, 2ஆம் பின் சுமார் 30 வோல்ட் டிசி, 3ஆம் பின் குரல். ஆர்டிஎஸ் இரண்டு சேனல் வகையில் 2ஆம் பின்னிலேயே மின்சாரமும் முதல் சேனலின் குரலும் சேர்ந்து போகும். 3ஆம் பின்னில் இரண்டாம் சேனல் இருக்கும். அழைப்பு சிக்னலும் வேறு. கிளியர்-காமில் குரல் கம்பியில் டிசி வோல்டேஜ், ஆர்டிஎஸ்ஸில் 20 கிலோஹெர்ட்ஸ் ஒலி. அதனால் ஒன்றின் பேனலை மற்றொன்றில் நேரடியாகச் செருகக் கூடாது. கீழே உள்ளவை கிளியர்-காம் வகைக்கு உரியவை.

1. கேபிள்

வேலையில் பாதி இங்கேதான். ஷீல்டு உள்ள முறுக்கிய ஜோடிக் கம்பி வாங்குங்கள்; ஷீல்டு 1ஆம் பின்னுக்கு, ஜோடி 2க்கும் 3க்கும். 1ஆம் பின் வெறும் எர்த் அல்ல. பேனலுக்குப் போன மின்சாரமும் குரலும் அதே கம்பி வழியாகத்தான் திரும்புகின்றன. அதில் மின்தடை கூடினால் ஒரு சேனலில் பேசுவது இன்னொரு சேனலில் மெல்லக் கேட்கும். ஆகவே பின்னல் ஷீல்டு உள்ள கேபிளே நல்லது. அலுமினியத் தாள் ஷீல்டும் மெல்லிய வடிகம்பியும் (ஷீல்டை ஒட்டி ஓடும் வெறும் கம்பி) மட்டும் உள்ளதை நீண்ட தூரத்துக்குப் போடாதீர்கள். இரண்டு சேனல் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி ஷீல்டு ஜோடி.

கம்பியின் தடிமனைக் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.035 ஓம். பேனல் 60 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 120 மீட்டர்; ஷீல்டின் தடையும் அதே அளவு என்று வைத்தால் 4 ஓம் சொச்சம். அந்த வரிசையில் உள்ள கருவிகள் மொத்தம் அரை ஆம்பியர் எடுத்தால் 2 வோல்ட் குறையும், கவலையில்லை. அதையே 0.2 சதுர மி.மீ. கம்பியில் இழுத்தால் 5 வோல்ட் போய்விடும். ஸ்பீக்கர் பேனல் பெல்ட்பேக்கைவிடப் பல மடங்கு மின்சாரம் எடுக்கும் என்பதால், யாராவது உரக்கப் பேசும் நேரத்தில்தான் குரல் உடையும். பேனல் எடுக்கும் மின்சாரமும், அதற்குத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜும் அதன் கையேட்டில் இருக்கும். எல்லாக் கருவிகளையும் கூட்டி, மெயின் ஸ்டேஷன் அதைத் தாங்குமா என்றும் பாருங்கள்.

டிம்மர் (மேடை விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கேபிள்களை விட்டுக் குறைந்தது 30 செ.மீ. தள்ளி இழுங்கள். குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

2. கனெக்டர்

சால்டர் செய்யும்போது 1ஆம் பின்னைக் கனெக்டரின் உலோக உறையோடு இணைக்காதீர்கள். மைக் கேபிளில் அப்படிச் செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. இங்கே உறை ரேக்கையோ சுவர்ப் பெட்டியையோ தொட்டதும் கிரவுண்ட் லூப் (எர்த்துக்கு இரண்டாவது பாதை) உருவாகி ஹம் என்ற ரீங்காரம் வரும்.

சுவரில் வரும் சாக்கெட்டில் ‘இன்டர்காம் 30 வோல்ட்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மைக்கும், சில இடங்களில் டிஎம்எக்ஸும் (விளக்குகளைக் கட்டுப்படுத்தும் சிக்னல்) இதே மூன்று பின் கனெக்டரில்தான் வருகின்றன. மாற்றிச் செருகினால் கருவி போய்விடும்.

3. பேனலை இணைக்கும் முன் சோதனை

கேபிளின் இரு முனையும் தனியாக இருக்கும்போது மல்டிமீட்டரால் 1-2, 1-3, 2-3, 1-உறை ஆகியவற்றைப் பாருங்கள். எங்கும் தொடர்பு இருக்கக் கூடாது. பிறகு மெயின் ஸ்டேஷனில் செருகி மறுமுனையில் அளந்து பாருங்கள்: 1-2க்கு இடையே 30 வோல்ட்டை ஒட்டி, 1-3க்கு இடையே ஏறத்தாழ சுழியம். இது சரியாக வந்தால் மட்டும் பேனலை எடுங்கள்.

4. பொருத்துதல்

மெயின் ஸ்டேஷனை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். ரேக் பேனல் ஒரு யூ உயரம், அதாவது 44.45 மி.மீ.; நான்கு திருகு போதும். சுவர் பேனலை நின்றபடி பேசும் உயரத்தில், ஸ்பீக்கர் அரங்கப் பக்கம் திரும்பாதபடி வையுங்கள். அழைப்பு விளக்கு அதே லைனில் இணையாகச் செருகப்படும். ஹெட்செட் போடாமல் நிற்பவர் கண்ணில் படும் இடமே அதற்கு உரிய இடம்.

5. டெர்மினேஷன்

டெர்மினேஷன் என்பது குரல் கம்பிக்கும் பொதுக் கம்பிக்கும் இடையே போடும் மின்தடை. ஒரு சேனலுக்கு ஒரே ஒரு டெர்மினேஷன், 200 ஓம் அளவில். பொதுவாக அது மெயின் ஸ்டேஷனிலேயே இருக்கும். துணைப் பேனலில் அதற்கான சுவிட்ச் இருந்தால் அணைத்து வையுங்கள். இரண்டு இருந்தால் எல்லோர் குரலும் தாழ்ந்துவிடும். ஒன்றும் இல்லாவிட்டால் குரல் அளவு மீறி ஏறி, ஊளைச் சத்தம் வரும். மல்டிமீட்டரில் 200 ஓம் காட்டவில்லையே என்று பதறாதீர்கள்; அழைப்பு டிசியைத் தடுக்காமலிருக்க அதோடு தொடராக ஒரு கன்டென்சர் இருக்கும்.

6. அமைப்புகள்

சுவர் பேனலில் பேச்சு பட்டன் அழுத்தியிருக்கும்போது மட்டும் வேலை செய்யட்டும். தட்டினால் திறந்தே நிற்கும் லாட்ச் வசதியை நிறுத்திவிடுங்கள். ஒப்பனை அறையில் ஒரு மைக் திறந்து கிடந்தால் அங்கே நடக்கும் பேச்செல்லாம் காட்சி ஓடும்போது எல்லோர் காதிலும் விழும். கட்டுப்பாட்டு அறைப் பேனலில் லாட்ச் அவசியம், அங்கே கைகள் மிக்சரில் இருக்கும். டைனமிக் மைக்கா எலெக்ட்ரெட் மைக்கா என்ற சுவிட்ச் இருந்தால் ஹெட்செட்டுக்கு ஏற்ப வையுங்கள். எலெக்ட்ரெட்டுக்கு இயக்க வோல்டேஜ் கிடைக்காவிட்டால் குரலே வராது.

சைட்டோனை, அதாவது நீங்கள் பேசுவது உங்களுக்கே திரும்பக் கேட்கும் அளவை, கடைசியில் சரிசெய்யுங்கள். லைனில் எத்தனை கருவி, எவ்வளவு கேபிள் என்பதைப் பொறுத்து அது மாறும். எல்லாவற்றையும் செருகி, ஒரு பேனலின் மைக்கை மட்டும் திறந்து, சைட்டோன் திருகைத் திருப்பினால் உங்கள் குரல் உங்களுக்கே மிகக் குறைவாகக் கேட்கும் புள்ளி ஒன்று வரும். ஹெட்செட் பேனலில் அதிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்தால் பேச வசதி. ஸ்பீக்கர் பேனலில் அந்தப் புள்ளியிலேயே நிறுத்துங்கள், இல்லையென்றால் ஒலியைக் கூட்டியதும் ஊளையிடும்.

கோளாறுகள்

எல்லாப் பேனலிலும் அழைப்பு விளக்கு அணையாமல் எரிந்தால் ஏதோ ஒரு கனெக்டரில் 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் இடம் மாறியிருக்கும். குரல் கம்பிக்கு டிசி வந்ததும் அமைப்பு அதை அழைப்பு என்று எடுத்துக்கொள்கிறது. மெயின் ஸ்டேஷனில் ஷார்ட் விளக்கு எரிந்தால் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் அணைகிறதோ அதில்தான் கோளாறு. ஒரு பேனலை மட்டும் செருகியதும் ஹம் வந்தால் அந்தக் கேபிளின் 1ஆம் பின் எங்கோ உலோகத்தைத் தொடுகிறது.