பழைய ஐபோனைத் திறப்பது எப்படி: சிம் லாக் வேறு, ஜெயில்பிரேக் வேறு

எங்கள் வடசென்னையில் கப்பல் வேலைக்குப் போய் வருகிறவர்கள் அதிகம். அவர்கள் அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வாங்கி வந்த ஐபோன், பர்மா பஜாரில் பில் இல்லாமல் வாங்கியது, அண்ணன் புதுசு வாங்கியதும் தம்பி கைக்கு வந்தது என்று தண்டையார்பேட்டையில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்குப் பழைய ஐபோன் வராத வாரம் இல்லை. கொண்டுவருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, இது லாக் பீஸாம். ஜெயில்பிரேக் போட்டா சிம் எடுக்கும்னு சொல்றாங்க, போட்டுத் தர்றீங்களா?"

ஜெயில்பிரேக் போட்டால் சிம் எடுக்காது. இந்த ஒரு குழப்பத்தில்தான் ஜனங்கள் பணத்தை விடுகிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐபோனில் பூட்டு மூன்று வகை. ஒன்று சிம் லாக்: போனை விற்ற நெட்வொர்க் கம்பெனி, தன் சிம் தவிர வேறு சிம் வேலை செய்யக்கூடாது என்று போட்டது. இன்னொன்று ஐகிளவுட் லாக்: போனின் சொந்தக்காரர் தன் ஆப்பிள் ஐடியால் போட்டது, 2013-இல் ஐபோனின் சாப்ட்வேரான ஐஓஎஸ்ஸின் 7-ஆம் பதிப்பு வந்ததிலிருந்து இருக்கிறது. மூன்றாவது ஆப்பிளே போட்ட வேலி: ஆப் ஸ்டோர் வழியாக வராத எதையும் உள்ளே விடாது. ஜெயில்பிரேக் உடைப்பது இந்த மூன்றாவதை மட்டும்.

ஐகிளவுட் லாக் இருக்கிற போனை நான் கையில் வாங்குவதே இல்லை. அதைச் சுற்றிப் போக வழி இருக்கிறது என்று வீடியோ போடுகிறவர்கள் நிறைய. அப்படித் திறக்கிற போன் யாரோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பதாக இருக்கலாம். உங்கள் சொந்தப் போனாகவே இருந்து பாஸ்வேர்டு மறந்திருந்தால், வாங்கிய பில்லோடு ஆப்பிளிடம் கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள்.

என்ன லாக் என்று பார்ப்பது

*#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனின் அடையாள எண் வரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிற போன் என்றால், கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். இது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சேவை. பிளாக்லிஸ்டட், டூப்ளிகேட், ஆல்ரெடி இன் யூஸ் என்று பதில் வந்தால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் சரி.

அப்புறம் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட். ஐஓஎஸ் 14 அல்லது அதற்கு மேல் என்றால் கீழே கேரியர் லாக் அல்லது நெட்வொர்க் புரொவைடர் லாக் என்று ஒரு வரி இருக்கும். அதில் "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று இருந்தால் போன் எந்த சிம்மையும் எடுக்கும். ஐபோன் 6, 5எஸ் மாதிரி ஐஓஎஸ் 12-இல் நிற்கும் போன்களில் அந்த வரி வராது. வேறு சிம் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வரியை மட்டும் நம்பிவிடாமல் சிம் தட்டையும் பாருங்கள். பின் குத்தித் தட்டை வெளியே எடுத்து, சிம்மை நகத்தால் மெதுவாகத் தூக்குங்கள். அடியில் சிம் அளவிலேயே பேப்பர் கனத்தில் ஒரு தகடு, அதன் மேல் கறுப்பாக ஒரு சின்ன சிப் ஒட்டியிருந்தால், அதற்குப் பெயர் ஆர்-சிம். முன்பு கெவே சிம் என்று விற்றதும் இதே வகைதான். உள்ளே இருப்பது நம்மூர் சிம் என்பதை மறைத்து, போனை ஏமாற்றுகிற வேலையை அது செய்கிறது. அதை வைத்து 'அன்லாக் பீஸ்' என்று விற்றுவிடுவார்கள். ஒரு அப்டேட் போட்டதும், அல்லது ரீசெட் அடித்ததும் சிக்னல் போய்விடும். தகடு இருந்தால் அது லாக் பீஸ். அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

சிம் லாக்கை எடுப்பது

ஒரு காலத்தில் இதை சாப்ட்வேரால் செய்ய முடிந்தது உண்மைதான். 2007-இல் முதல் ஐபோன் வந்த சில வாரங்களிலேயே ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற பையன் அதைத் திறந்துவிட்டான். பிறகு ஐபோன் தேவ் டீம் என்ற குழு அல்ட்ராஸ்னோ என்ற கருவியை இலவசமாகவே கொடுத்தது. 3ஜி, 3ஜிஎஸ், 4 ஆகிய மாடல்களில், குறிப்பிட்ட சில பேஸ்பேண்ட் பதிப்புகளில் மட்டும் அது வேலை செய்தது. பேஸ்பேண்ட் என்பது போனுக்குள் நெட்வொர்க் வேலையை மட்டும் பார்க்கும் தனிக் கம்ப்யூட்டர். அன்றைக்கு ஜெயில்பிரேக் போட்டால்தான் அல்ட்ராஸ்னோவை ஏற்ற முடியும். 'ஜெயில்பிரேக் போட்டால் சிம் எடுக்கும்' என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். சில 3ஜி போன்களில் ஐபேடின் பேஸ்பேண்டை ஏற்றித் திறந்தார்கள். சிம் எடுத்தது, ஜிபிஎஸ் போனது.

இன்றைக்கு அது முடிந்துபோன கதை. எந்த ஐபோன் எந்த நெட்வொர்க்குக்குப் பூட்டப்பட்டது என்ற கணக்கு ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லும் உரிமை விற்ற கம்பெனிக்கு மட்டும். அதனால் அவர்களிடமே கேளுங்கள். கேட்டால் கிடைக்கும், பெரும்பாலும் காசு இல்லாமல். அமெரிக்காவில் 2014-இல் வாடிக்கையாளர் தன் போனைத் திறந்துகொள்ளலாம் என்று சட்டமே வந்துவிட்டது. ஏடி அண்ட் டி போன் என்றால் அவர்கள் இணையதளத்தில் அன்லாக் விண்ணப்பம் இருக்கிறது. நீங்கள் அவர்கள் வாடிக்கையாளராக இல்லாவிட்டாலும் ஐஎம்இஐ கொடுத்து விண்ணப்பிக்கலாம். தவணை பாக்கி இருக்கக்கூடாது, தொலைந்ததாகப் புகார் இருக்கக்கூடாது. டி-மொபைலில் முதலில் வாங்கியவர் தன் கணக்கிலிருந்து கேட்க வேண்டும். கப்பலில் இருக்கிற மாமாவுக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டு, எந்தக் கம்பெனியில் வாங்கினார் என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. ஜப்பானில் 2021 அக்டோபர் முதல் சிம் லாக் போட்டு விற்பதையே தடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய போன் என்றால் விற்ற கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்.

அனுமதி வந்ததும் நம்மூர் சிம்மைப் போட்டு வைஃபையில் இணையுங்கள். அப்படியும் எடுக்கவில்லை என்றால், பேக்கப் எடுத்துக்கொண்டு ஐடியூன்ஸில் ரீஸ்டோர் செய்யுங்கள்.

ஐஎம்இஐ எண்ணையே மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்று வருடம் வரை சிறை.

திறந்த பிறகும் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஐபோன் 5, 5எஸ் போன்களில் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி கிடையாது. ஜியோ சிம் போட்டால் சாதாரணமாக டயல் செய்து பேச முடியாது. ஐபோன் 6-இல் பின்பக்கம் ஏ1549 என்று இருந்தால் 40-ஆம் பேண்டை (அலைவரிசையை) எடுக்காது, ஏ1586 எடுக்கும். ஜியோவின் 4ஜிக்கு அந்த பேண்ட் முக்கியம். வாங்குவதற்கு முன்பே போனைத் திருப்பிப் பாருங்கள்.

ஜெயில்பிரேக்

இது எனக்கு மனசுக்குப் பிடித்த வேலை. 2019 செப்டம்பரில் ஆக்ஸியம்எக்ஸ் என்ற பெயரில் எழுதும் ஆராய்ச்சியாளர் செக்மேட் என்ற பாதுகாப்பு ஓட்டையை வெளியிட்டார். ஐபோன் 4எஸ் முதல் எக்ஸ் வரை எல்லாவற்றிலும் அந்த ஓட்டை உண்டு. போன் ஆன் ஆனதும் முதன்முதலாக ஓடுகிற பூட்ராம் என்ற பகுதியில் அது இருக்கிறது. பூட்ராமில் இருப்பது சிப் தயாராகும்போதே கல்லில் வெட்டியது மாதிரி பதிந்துவிடும். எந்த அப்டேட்டாலும் அதை மாற்ற முடியாது. இதனால் நமக்கு ஒரு பெரிய தைரியம்: ஏதாவது கோளாறாகி ரீஸ்டோர் செய்ய நேர்ந்தால், ஆப்பிள் கடைசிப் பதிப்பைத்தான் ஏற்றும். ஆனால் அந்தக் கடைசிப் பதிப்பிலும் ஓட்டை அப்படியே இருக்கும், மறுபடி ஜெயில்பிரேக் போடலாம்.

இந்த ஓட்டையை வைத்து ஆர்வலர்கள் எழுதிய கருவிகள் இரண்டு. ஐஓஎஸ் 12 முதல் 14 வரை செக்ரெயின். அதாவது 5எஸ், 6 வைத்திருப்பவர்களுக்கு அது. ஐஓஎஸ் 15, 16-இல் இருக்கும் 6எஸ், முதல் எஸ்இ, 7, 8, எக்ஸ் ஆகியவற்றுக்கு பேல்ரெயின். இரண்டுமே இலவசம். தேடும்போது ஆங்கிலத்தில் 'ரெயின்' என்பதில் ஐ எழுத்துக்குப் பதில் 1 என்ற எண்ணைப் போடுங்கள். அவர்களுடைய சொந்தத் தளத்திலோ கிட்ஹப் பக்கத்திலோ மட்டும் எடுங்கள். கம்ப்யூட்டரே இல்லாமல் இந்தப் போன்களில் செக்ரெயின் போட்டுத் தருகிறோம் என்று காசு கேட்கும் தளம் எல்லாம் ஏமாற்று.

முதலில் முழு பேக்கப். அடுத்து கேபிள். மார்க்கெட்டில் மலிவாக வரும் லைட்னிங் கேபிள்களில் பல சார்ஜுக்கு மட்டும், டேட்டா போகாது. ஒரு பக்கம் பழைய பெரிய யூஎஸ்பி இருக்கிற நல்ல கேபிளை எடுங்கள். ஒரு பக்கம் டைப்-சி, மறுபக்கம் லைட்னிங் என்று வருகிற கேபிளில் டிஎஃப்யூ கட்டத்தில், அதாவது போன் திரை கறுப்பாகி கம்ப்யூட்டரின் கட்டளைக்கு மட்டும் காத்திருக்கும் நிலையில், தகராறு வரும். காசிமேட்டிலிருந்து வருகிற போன்களில் உப்புக் காற்றால் சார்ஜிங் பின்னில் பச்சையாகப் பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் அதைச் சுத்தம் செய்து, காயவிட்ட பிறகுதான் நான் கேபிளையே சொருகுவேன். பாதியில் இணைப்பு விட்டால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டு கருவிகளும் மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும், விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் லேப்டாப்தான் இருக்கிறது என்றால், பேலினிக்ஸ் என்ற சின்ன லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பை பூட் செய்யுங்கள். உங்கள் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. இன்டெல் லேப்டாப் நல்லது. ஏஎம்டி டெஸ்க்டாப்பில் பல தடவை முயல வேண்டிவரும்.

8, 8 பிளஸ், எக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். இந்த மூன்றிலும் பேல்ரெயின் போடும் முன் பாஸ்கோடை எடுத்துவிட வேண்டும், பிறகும் வைக்க முடியாது. ஐஓஎஸ் 16 என்றால் முன்பு எப்போதாவது பாஸ்கோடு வைத்திருந்தாலே போனை முழுக்க அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பாஸ்கோடு இல்லாத போனை வெளியே கொண்டுபோக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வீட்டோடு இருக்கிற போன் என்றால் சரி.

பேல்ரெயினை ஓடவிட்டால் ரூட்லெஸ் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். மற்ற முறை போனில் நிறைய இடம் பிடிக்கும், 16 ஜிபி போனுக்குத் தாங்காது. போன் தானாக ரெக்கவரிக்குப் போய் கேபிள் படத்தைக் காட்டும். அப்புறம் திரையில் வினாடி எண்ணிக்கை ஓடும். ஐபோன் 7 முதல் பவரும் வால்யூம் குறைப்பதும், 6எஸ் வரை பவரும் ஹோமும் சேர்த்து அழுத்துங்கள். சொன்ன வினாடியில் பவரை மட்டும் விடுங்கள். இன்னொரு விரல் அசையக்கூடாது, எண்ணிக்கை முடியும் வரை அப்படியே இருக்கட்டும். ஹோம் பட்டன் தேய்ந்த போனில் இங்கேதான் பொறுமை வேண்டும். திரை ஒன்றுமே காட்டாமல் கறுப்பாக இருந்தால் டிஎஃப்யூ பிடித்துவிட்டது. ஆப்பிள் சின்னமோ கேபிள் படமோ தெரிந்தால் பிடிக்கவில்லை, திரும்பச் செய்யுங்கள்.

போன் எழுந்ததும் பேல்ரெயின் பெயரில் ஒரு ஆப் இருக்கும். அதைத் திறந்து சைலியோவை நிறுவுங்கள். ஜெயில்பிரேக் போட்ட போனுக்கு அதுதான் ஆப் ஸ்டோர் மாதிரி, இனி எல்லாம் அதிலிருந்துதான். அப்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். சோம்பல்படாமல் நல்லதாக வையுங்கள். 2009-இல் ஆல்பைன் என்ற பழைய பொதுப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட ஐபோன்களில்தான் ஆஸ்திரேலியாவில் ஐகீ என்ற புழு (வைரஸ் மாதிரி தானாகப் பரவுவது) பரவியது.

இதனால் என்ன கிடைக்கும்? கடையில் ஐபோன் 7 ஒன்றை நாள் முழுக்க சார்ஜில் போட்டுப் பாட்டுக்கும் கேமராவுக்கும் வைத்திருக்கிறேன். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் ட்வீக் (ஜெயில்பிரேக் போட்ட போனில் ஏற்றும் சின்ன நிரல்) ஒன்று போட்டிருப்பதால் பேட்டரி உப்பாமல் இருக்கிறது. எனக்கு அதுவே போதும். கிடைக்காததையும் சொல்ல வேண்டும்: வாட்ஸ்அப் 2025 மே முதல் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே ஓடாது, ஆகவே 5எஸ், 6-இல் ஜெயில்பிரேக் போட்டாலும் வாட்ஸ்அப் திரும்ப வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பேங்க் ஆப், யூபிஐ ஆப் பலவும் ஜெயில்பிரேக்கைக் கண்டுபிடித்து மறுத்துவிடும். மறுக்காவிட்டாலும் அந்தப் போனில் பணம் சம்பந்தமான எதையும் வைக்காதீர்கள்.

போனை ஆஃப் செய்து ஆன் செய்தால் ஜெயில்பிரேக் போய்விடும். போன் சாதாரணமாக ஓடும், ட்வீக் மட்டும் வேலை செய்யாது. மறுபடி கேபிள் போட்டு அதே கருவியை ஓட்டினால் பழையபடி வந்துவிடும். அதனால் அந்தப் பென் டிரைவை அழித்துவிடாமல் வைத்திருங்கள்.