ஆங்கில வாக்கியத்துக்கு நடுவே ‘ஐ திங்க்’, ‘இட் சீம்ஸ்’ செருகுவது எப்படி?

‘ஹி வில் கம், ஐ திங்க் சோ’ என்று நம் ஊரில் நிறையப் பேர் சொல்வார்கள். அந்த ‘சோ’ அங்கே வேண்டாம். ‘வருவாரா?’ என்று யாராவது கேட்டால் ‘ஐ திங்க் சோ’ என்று தனியாகப் பதில் சொல்லலாம், ஆனால் வாக்கியத்தோடு ஒட்டும்போது ‘ஐ திங்க்’ போதும்.

தமிழில் ‘நினைக்கிறேன்’ பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் அதை நகர்த்தலாம். முதலில் வந்தால் கமா கிடையாது: ‘ஐ திங்க் தி மேனேஜர் இஸ் ஆன் லீவ்’. நடுவில் வந்தால் இரண்டு பக்கமும் கமா: ‘தி மேனேஜர் இஸ், ஐ திங்க், ஆன் லீவ்’. பலர் முதல் கமாவைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள், அப்போது படிப்பவருக்கு எது எதோடு சேர்கிறது என்றே தெரியாது. கடைசியில் வந்தால் அதற்கு முன்னால் ஒரே கமா, அப்போது ஒன்றைச் சொல்லிவிட்டு லேசாகப் பின்வாங்குகிற தொனி வந்துவிடும். நடுவில் செருக நல்ல இடம் எழுவாய்க்கு அடுத்து, அல்லது இஸ், ஹேஸ், வில் போன்றவற்றுக்கு அடுத்து. ‘தி’க்கும் ‘மேனேஜரு’க்கும் நடுவில் நுழைக்காதீர்கள். செருகியதை எடுத்துப் பாருங்கள், மீதி வாக்கியம் முழுசாக நிற்க வேண்டும். பேசும்போது அந்தத் துண்டை மட்டும் கொஞ்சம் தாழ்ந்த குரலில், வேகமாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்புறம் ‘இட் சீம்ஸ்’. இதில்தான் நாம் அதிகம் மாட்டுகிறோம். ‘அவர் வரமாட்டாராம்’ என்பதை ‘ஹி இஸ் நாட் கமிங், இட் சீம்ஸ்’ என்கிறோம். சென்னையிலும் பெங்களூரிலும் இது எல்லோருக்கும் புரியும், உள்ளூர்ப் பேச்சில் நான் இதைத் தப்பென்றே சொல்லமாட்டேன். ஆனால் ஒரு லண்டன்காரருக்கு அது யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதாகப் படாது, நீங்களே ஏதோ அறிகுறியைப் பார்த்து ஊகித்ததாகத்தான் படும். பைக்கும் இல்லை, அறையில் விளக்கும் இல்லை என்றால் ‘ஹி ஹேஸ் லெஃப்ட், இட் சீம்ஸ்’ சரி. காதில் விழுந்த செய்தி என்றால் ‘ஐ ஹியர்’, ‘ஐ ஆம் டோல்ட்’, அல்லது ஒரே வார்த்தையில் ‘அப்பேரன்ட்லி’. சொன்னவர் யார் என்று தெரிந்தால் இன்னும் நல்லது: ‘ஹி இஸ் நாட் கமிங், ஹிஸ் வைஃப் சேஸ்’.

‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’டில் பயம் எதுவும் இல்லை. கசப்பான செய்தியை மரியாதையாகச் சொல்ல அது வரும்: ‘தி டிக்கெட்ஸ் ஆர் சோல்ட் அவுட், ஐ ஆம் அஃப்ரெய்ட்’. நல்ல செய்தியோடு சேர்த்தால் வேடிக்கையாகிவிடும்.

‘ஐ ஆம் திங்கிங்’, ‘ஆஸ் யூ ஆர் நோயிங்’ இரண்டையும் விட்டுவிடுங்கள். ‘ஐ திங்க்’, ‘ஆஸ் யூ நோ’ என்று சாதாரண நிகழ்காலமே போதும்.

‘யூ நோ’ பேச்சோடு நிற்கட்டும், கடிதத்தில் வேண்டாம். வேலைக்கான விண்ணப்பத்தில் ‘ஐ திங்க்’கையும் யோசித்துப் போடுங்கள். ‘ஐ ஹேவ், ஐ திங்க், ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதினால் இலக்கணம் சரிதான், ஆனால் எத்தனை வருஷம் வேலை பார்த்தோம் என்று இவருக்கே தெரியாதா என்று படிப்பவர் கேட்பார்.