செல் சுவர் சர்க்கரையை வைத்து பாக்டீரியாவுக்கு உறவு சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்ணிலிருந்து ஆக்டினோமைசீட்களை (பெரும்பாலும் இழைகளாகக் கிளைத்து வளரும் பாக்டீரியாக்களை) பிரித்தெடுத்து, செல் சுவர்ச் சர்க்கரையை வைத்து இனம் காண ஆண்டுதோறும் புது மாணவர்கள் வருகிறார்கள். எல்லோரும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். லேபிள் ஒட்ட மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

சர்க்கரை பொருந்தியதும் பேரினப் பெயர் எழுதுவது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும். டி.எல்.சி. (கலவையைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் மெல்லடுக்கு நிறவரைவியல்) தட்டில், சர்க்கரைக்கு நிறம் தரும் அனிலின் தாலேட் தெளித்துச் சூடாக்கியதும் அராபினோஸ் செந்நிறத்திலும் காலக்டோஸ் மஞ்சள் கலந்த பழுப்பிலும் எழும். சுவரில் உள்ள டைஅமினோபைமெலிக் அமிலம் என்ற அமினோ அமிலம் மீசோ வகை என்று முடிவு வரும். அவ்வளவுதான், நோட்டில் ‘நோகார்டியா’ என்ற பேரினப் பெயர் ஏறிவிடும். ஒரு மாணவி இப்படிப் பெயர் வைத்து, ஆய்வேட்டின் ஒப்பீட்டு அத்தியாயம் முழுவதையும் நோகார்டியா இனங்களோடு சேர்த்தே எழுதி முடித்தார். பிறகு 16எஸ் ஆர்.என்.ஏ. மரபணுவின் வரிசை வந்தது: அமைக்கோலடாப்சிஸ் என்ற வேறு பேரினம். அந்த அத்தியாயத்தில் ஒரு பத்திகூடத் தேறவில்லை.

இத்தனைக்கும் இது பழைய பாடம். ரிஃபாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தரும் பாக்டீரியாவை முதலில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பேரினத்தில் வைத்தார்கள். செல் சுவரைப் பார்த்து 1969-ல் நோகார்டியாவுக்கு மாற்றினார்கள். அதில் மைக்கோலிக் அமிலம் (சுவரோடு சேர்ந்த நீண்ட கொழுப்பு அமிலம்) இல்லை என்பதால் 1986-ல் அமைக்கோலடாப்சிஸ் என்ற தனிப் பேரினமே உருவானது. நுண்ணுயிரியலாளர்களான லெஷவாலியர் தம்பதி வகுத்த நான்காம் சுவர் வகையும் ‘ஏ’ சர்க்கரை வகையும் (அராபினோஸும் காலக்டோஸும் சேர்ந்தது) நோகார்டியா, அமைக்கோலடாப்சிஸ் இரண்டுக்கும் பொது. குடும்பம் மட்டும் வேறு.

ஆகவே அராபினோஸும் காலக்டோஸும் சேர்ந்து தெரிந்தால் அடுத்த வேலை மைக்கோலிக் அமிலச் சோதனை. இருந்தால் அதன் நீளத்தைப் பாருங்கள்: கோரினிபாக்டீரியத்தில் ஏறத்தாழ 22 முதல் 38 கார்பன், மைக்கோபாக்டீரியத்தில் 60 முதல் 90, நோகார்டியா இடையில். இல்லையென்றாலும் அவசரப்படாதீர்கள். கோரினிபாக்டீரியம் அமைக்கோலேட்டம் அந்தப் பேரினத்துக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் அராபினோகாலக்டன் (அராபினோஸும் காலக்டோஸும் கோத்த சங்கிலி) உண்டு, மைக்கோலிக் அமிலம் கிடையாது. பரம்பரையில் வந்த ஒன்றை ஒரு கிளை தொலைத்துவிடலாம். அதனால் உறவு மரத்தை மரபணு வரிசையை வைத்து வரைந்துவிட்டு, சர்க்கரையை அதன்மேல் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

சர்க்கரை இல்லாததை உறவாக எண்ணுவது

அதே பகுப்பில், குறிப்பான சர்க்கரை எதுவும் இல்லை என்பதுதான் ‘சி’ வகை. தெர்மோஆக்டினோமைசிஸ் இந்த வகையில்தான் வரும். கிளைத்த இழைகளைப் பார்த்து அதை நெடுங்காலம் ஆக்டினோமைசீட் என்றே வைத்திருந்தார்கள். ஆனால் அதன் வித்து டைபிகோலினிக் அமிலம் கொண்ட, செல்லுக்குள் உருவாகும் அகவித்து, ஆர்.என்.ஏ. வரிசையும் அதை பாசில்லஸ் என்ற பேரினத்தின் பக்கம் சேர்த்தது.

அகாரோடு சேர்த்துச் சுரண்டுவது

ஊடகத்தை உறையவைக்கும் அகாரே காலக்டோஸால் ஆனது. திரவ ஊடகத்தில் வளர்த்து, நன்றாகக் கழுவிவிட்டு நீராற்பகுப்புக்கு (அமிலத்தில் சூடாக்கிச் சர்க்கரைகளைப் பிரிப்பதற்கு) எடுங்கள். குறிப்பான சர்க்கரை இல்லாத ஸ்ட்ரெப்டோமைசிஸில் ‘காலக்டோஸ் வந்திருக்கிறது’ என்று யாராவது ஓடிவந்தால் நான் முதலில் கேட்பது, எதில் வளர்த்தாய் என்பதைத்தான்.

ரைபோஸைக் கண்டு குதிப்பது

முழுச் செல்லைப் பகுத்தால் அந்தச் சர்க்கரை சுவரிலிருந்து அல்ல, ஆர்.என்.ஏ.விலிருந்து வரும்.

ஒப்பீட்டு இனம் இல்லாமல் தட்டை ஓட்டுவது

மதுரோஸ் புள்ளியைத் தவறவிடுவது இதனால்தான். மதுரைப் பாதம் என்ற நோயை உண்டாக்கும் ஆக்டினோமதுரா மதுரேயின் சர்க்கரை அது. அந்த இனத்தை நீராற்பகுத்த கரைசலையே அதே தட்டில், உங்கள் மாதிரிக்குப் பக்கத்திலேயே ஓட்டுங்கள்.